வாசகர் கேள்வி பதில்: பாட்டி சுட்ட பீட்சா

கேள்வி: லீவுக்கு அக்கா பசங்க வந்திருக்காங்க, ஒருத்தனுக்கு எட்டு வயசு, பெரியவனுக்கு பன்னெண்டு. பசங்களே நடிச்ச படமா இருக்கணும், சிரிக்கவும் வைக்கணும், அதே சமயம் வெறும் கூத்தா இருக்கக் கூடாது. எதப் போட்டுக் காட்டலாம்? – ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: யோசிக்கவே வேணாம்மா, ‘காக்கா முட்டை’ போடுங்க. 2015 ஜூன்ல ரிலீஸ் ஆச்சு, டைரக்டர் மணிகண்டனுக்கு அதுதான் முதல் முழுநீளப் படம், கேமராவும் அவரேதான், தயாரிச்சது தனுஷும் வெற்றிமாறனும். சென்னையில ஒரு குடிசைப் பகுதி, அங்க அண்ணன் தம்பி ரெண்டு பேரு, கோழி முட்டை வாங்க வழியில்லாம மரத்துல ஏறி காக்கா முட்டை எடுத்துக் குடிக்கிறதால பெரிய காக்கா முட்டை, சின்ன காக்கா முட்டைன்னு பேரு. அந்த மரத்த வெட்டிட்டு அதே இடத்துல பீட்சா கடை வருது, திறந்து வைக்க சிம்பு வர்றாரு (நெசமாவே சிம்புதான் வந்து நடிச்சிருக்காரு), டிவில விளம்பரம் பாத்து பாத்து இவனுங்களுக்கு நாக்கு ஊறுது, ஒரே ஒரு பீட்சா தின்னு பாத்துரணும், அதான் மொத்தக் கதையும். விலை கிட்டத்தட்ட 300 ரூபா, இவனுங்க தண்டவாளத்து ஓரம் கரி பொறுக்கி வித்து தேத்துற சில்லறையில அது எப்போ சேர்றது!

உங்க பெரியவன ஆரம்பத்துல வர்ற மரத்து சீன மட்டும் நல்லா கவனிச்சுப் பாக்கச் சொல்லுங்க. கூட்டுல மூணு முட்டை இருக்கும், தனக்கு ஒண்ணு தம்பிக்கு ஒண்ணுன்னு எடுத்துட்டு ஒண்ண காக்காவுக்கு விட்டுட்டு இறங்குவான். வசனமா விளக்கம் எதுவும் கிடையாது, அந்தப் பையன் எப்படிப்பட்டவன்னு அந்த ஒரு முட்டையிலயே தெரிஞ்சுரும்.

கேள்வி: இந்தப் படத்தப் பத்தி ஃப்ரெண்ட்ஸ்குள்ள சண்டையே வந்துருச்சு சார். வறுமையக் காட்டி அழ வச்சு அவார்டு வாங்குன படம்னு ஒருத்தன் அடிச்சுப் பேசுறான். நீங்க என்ன சொல்றீங்க? – ஒரு வாசகர், கோவை

பதில்: அவரு இன்னொரு தடவ உக்காந்து முழுசா பாத்தா நல்லாருக்கும்னு தோணுது. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற வசதியான வீட்டுப் பையன் தான் தின்னு மிச்சம் வச்ச பீட்சாவ கொண்டாந்து நீட்டுவான், சின்னவனுக்கு கை பரபரன்னு இருக்கும், ஆனா பெரியவன் விடமாட்டான், எச்சில் அது, வேணாம். காசு சேத்து கடைக்குள்ள போயிதான் திம்போம்னு நிக்கிற பயல பாத்து நமக்கு எங்கருந்து பரிதாபம் வரும், மரியாதைதான் வருது! முதல் தடவ போறப்போ துணி சரியில்லன்னு வாசல்லயே விரட்டிருவாங்க, சரி நல்ல துணி வேணும்னு கிளம்பிருவானுங்க, அது எப்படிக் கிடைக்குதுன்னா பெரிய மால்ல பானிபூரிக்கு ஏங்கி நிக்கிற பணக்காரப் பசங்க இருக்காங்க பாருங்க, அவங்க அப்பா ரோட்டுக்கடையில வாங்கித் தரமாட்டேன்னுட்டாரு, இவனுங்க பானிபூரிய குடுத்து புதுத்துணிய வாங்கிட்டு வந்துருவானுங்க. ரெண்டு பக்கமும் ஆசைதான், ரெண்டு பக்கமும் கிடைக்கல, அத யாரும் எடுத்துச் சொல்லாமலே நாம சிரிச்சுக்கிட்டே புரிஞ்சுக்கிறோம், இத எழுதுறதுக்கு ரொம்பத் தெம்பு வேணும்.

நடிப்பப் பத்தி சொல்லணும்னா விக்னேஷ், ரமேஷ் ரெண்டு பேருமே காசிமேட்டுப் பக்கத்துப் பசங்க, கேமராவுக்கு முன்னாடி கொஞ்சறது, பெரிய மனுஷன் மாதிரி பஞ்ச் பேசுறது, அதெல்லாம் கிடையவே கிடையாது. சிறந்த குழந்தை நட்சத்திரம்னு தேசிய விருது ரெண்டு பேருக்கும் சேத்துக் கிடைச்சுது, சிறந்த குழந்தைகள் படம்ங்கிற விருதும் இதுக்குத்தான். ஐஸ்வர்யா ராஜேஷ் இருபத்தஞ்சு வயசுகிட்டயே ரெண்டு பசங்களுக்கு அம்மாவா வந்திருப்பாங்க, ஜெயில்ல இருக்கிற புருஷன வெளிய எடுக்க அலைஞ்சுக்கிட்டே வீட்டையும் பாத்துக்கிற அந்த அசதி முகத்துல அப்படியே நிக்கும். எடிட்டிங் கிஷோர், படம் தியேட்டருக்கு வர்றதுக்கு மூணு மாசம் முன்னாடி இறந்துட்டாரு, நினைச்சா இன்னைக்கும் மனசு கனக்குது.

ஒரு குறை எனக்கும் உண்டு. புதுத்துணி போட்டுட்டுப் போயும் பீட்சா கடையில பெரியவனுக்கு அடி விழுந்ததுக்கு அப்புறம் நியூஸ் சேனலு, அரசியல்வாதி, காசு பறிக்கத் திரியிற ஆளுங்கன்னு படம் பசங்கள விட்டு கொஞ்ச நேரம் தள்ளிப் போயிருது, அந்த இடம் இழுவைதான்.

கேள்வி: கடைசியில பீட்சா நல்லாவே இல்லன்னு சொல்றது மெசேஜுக்காக வலிய வச்சது தானே? – ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: (படம் பாக்காதவங்க இத இப்போ படிக்க வேணாம்.) எனக்கு அப்படித் தோணலைங்க. நடுவுல பசங்களோட பாட்டி ஒரு காரியம் பண்ணும், ஞாபகம் இருக்கா? பீட்சா நோட்டீஸ்ல இருக்கிற படத்த உத்து உத்துப் பாத்து, தோசை மாவ ஊத்தி, மேல வெங்காயம் தக்காளி குடமிளகாயெல்லாம் தூவி சுட்டுக் குடுக்கும். பசங்க ஒரு வாய் வச்சுட்டு இது பீட்சாவே இல்ல, நூல் நூலா வரலைன்னு முகத்த சுளிப்பானுங்க. அப்புறம் பீட்சா கடையில அறை வாங்கிட்டு வீட்டுக்கு வந்தா பாட்டி செத்துக் கிடக்கும். கடைசியில அதே கடைக்காரங்க சிவப்புக் கம்பளம் விரிக்காத குறையா கூப்பிட்டு உக்கார வச்சு பீட்சா குடுக்கிறப்போ, அத மென்னுக்கிட்டே பாட்டி தோசையே இத விட நல்லாருந்துச்சுன்னு அவனுங்களுக்குள்ளயே பேசிக்கிறானுங்க, ஊருக்கு சொல்லல. பாட்டி இருந்தப்போ சொல்லாத வார்த்தை அது. தியேட்டர்ல என் பக்கத்துல உக்காந்திருந்த எங்கம்மா அந்த இடத்துல சேலை முந்தானைய எடுத்து கண்ணத் தொடச்சாங்க, அதுவரைக்கும் சிரிச்சுக்கிட்டேதான் இருந்தாங்க.

கேள்வி: ஆறு வயசுக் குழந்தைக்கு காட்டலாமா? – ஒரு வாசகி, சேலம்

பதில்: காட்டலாம், பக்கத்துல நீங்களும் உக்காந்துக்கங்க. பாட்டி ஏன் எந்திரிக்கலன்னு கேக்கும். அப்புறம் வீட்டுல தோசை மாவும் ஒரு குடமிளகாயும் தயாரா இருக்கட்டும், படம் முடிஞ்ச உடனே அதைத்தான் கேக்கும், எங்க வீட்டுல கேட்டாங்க.