எம்ஜிபி ஏற்றத்தில் இருமுகிறதா? முதலில் டேம்பர் ஆயிலைப் பாருங்கள்

வணக்கமுங்க. உங்கள் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபியில், காற்றைத் தாராளமாக விடும் ஓப்பன் ஃபில்டரும் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரும் போட்டபிறகு, ஊட்டி மலைப்பாதையின் பர்லியார் ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டி ஒரு நொடி இருமிவிட்டு இழுக்கிறது, ஐடிலிங் மட்டும் சுத்தம் என்கிறீர்கள். பெட்ரோல் கலவையைக் கூட்டிக் குறைக்கும் ஜெட் நட்டில் உடனே கை வைக்காதீர்கள். இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களிலும் மேலே உள்ள டேம்பர் (உள்ளே இருக்கும் பிஸ்டன் சட்டென எழாமல் ஆயிலால் தடுக்கும் தண்டு) மூடியைக் கழற்றுங்கள். பெரும்பாலும் ஆயில் வற்றியிருக்கும். 20 கிரேடு ஆயில் ஊற்றி மூடியை மெல்ல இறக்கும்போது, உட்கார இன்னும் 6 மி.மீ. இருக்கையிலேயே கையில் எதிர்ப்பு தெரிய வேண்டும்.

சரி, அப்புறமும் இருமினால் என்ஜினைச் சூடாக்கி, கார்புரேட்டர் பிஸ்டனை 1 மி.மீ.க்கும் குறைவாகத் தூக்குங்கள். என்ஜின் வேகம் கூடி அப்படியே நீடித்தால் ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். அணையப் பார்த்தால் லீன், பெட்ரோல் குறைவு. லீனென்றால் ஜெட் நட்டை ஒரு முகம் (ஆறில் ஒரு பங்கு சுற்று) மட்டும் கீழே இறக்குங்கள். இப்போதைய எத்தனால் பெட்ரோலும் லீன் பக்கம்தான் தள்ளும்.

ஐடிலிங் சரியாகி, முழு மிதியில் மட்டும் ஸ்பார்க் பிளக் வெள்ளையாக வெளுத்தால், நட்டைத் திருகிப் பயனில்லை. ஜெட்டுக்குள் இறங்கி பெட்ரோலை அளக்கும் ஊசியான நீடிலைத்தான் மாற்ற வேண்டும். அந்தச் சோதனை அவிநாசி ரோட்டில் வேண்டாமுங்க, செட்டிபாளையம் ரேஸ் டிராக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ட்யூனிங்கைக் கோவையிலேயே முடியுங்கள். ஊட்டியின் மெலிந்த காற்றுக்கு வைத்தால் கீழே இறங்கியதும் லீனாகிவிடும்.