போரில் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள்

கேள்வி: காரைக்குடியில் எம்.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 'போர் வீரர்களின் மன அதிர்ச்சி' என்று ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பு கொடுத்தேன். ரொம்பப் பெரிது என்கிறார் வழிகாட்டி. அமைதிப்படையில் இலங்கை போய்வந்த ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். சின்ன வயதிலிருந்து 'மாமா' என்றுதான் கூப்பிடுகிறேன். அவரைப் பேட்டி எடுத்து ஆரம்பிக்கலாமா?

பதில்: வழிகாட்டி சொல்வது சரி. ஒரு பருவத்துக்குள் ஒரே ஒரு கேள்வியைத்தான் உருப்படியாகப் பார்க்க முடியும். நான் சொல்வது இது: காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து முன்னாள் படைவீரர்கள் தூக்கமோ மனமோ கெட்டால் யாரிடம் போகிறார்கள்? போகவிடாமல் எது தடுக்கிறது?

இதற்குப் போர்க்களத்தில் நடந்த எதையும் கேட்க வேண்டியதில்லை. அதற்காகவே இந்தக் கேள்வியைச் சொல்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஒருவர் மூடி வைத்திருப்பதைக் கிளறிவிட்டு, நன்றி சொல்லிவிட்டு நீங்கள் வண்டியை எடுத்துவிடுவீர்கள். ராத்திரி அதோடு படுப்பவர் அவர். அவராகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகத் தோண்டாதீர்கள்.

வரலாற்றுக்கு ஒரு பத்தி போதும். முதல் உலகப் போரின்போது, 1915இல், பிரிட்டிஷ் மருத்துவர் சார்லஸ் மையர்ஸ் 'ஷெல் ஷாக்' (போர்முனை வீரர்களின் மன அதிர்ச்சி) பற்றி எழுதியது, வியட்நாம் போருக்குப் பிறகு 1980இல் பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனக்கோளாறு) அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ஏறியது, அவ்வளவுதான். சதவீதங்களை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போடாதீர்கள். வியட்நாமில் பணியாற்றிய அமெரிக்க ஆண்களில் 30.9 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது பி.டி.எஸ்.டி. இருந்தது என்றது ஒரு பெரிய ஆய்வு. அதே தரவைப் படை ஆவணங்களோடு ஒப்பிட்டு 2006இல் மறுபடி பார்த்தபோது அது 18.7 ஆனது. அவர்கள் கணக்கே இப்படி மாறும்போது, அதை நம் ஊருக்குப் பொருத்தவே முடியாது.

கவனித்ததை எழுதுவதிலும் நிதானம் வேண்டும். பள்ளத்தூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்த என் மாணவி, 'அவர் சுவரில் சாய்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதீத விழிப்பு' என்று எழுதியிருந்தார். எப்போதும் ஆபத்தை எதிர்பார்த்தே இருப்பது, பி.டி.எஸ்.டி.யின் ஓர் அறிகுறி. திண்ணையில் உட்காருகிற எந்தப் பெரியவர்தான் தெருவைப் பார்க்காமல் இருக்கிறார்? அந்த வரியை அடிக்கச் சொன்னேன். அதே குறிப்பில், 'ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து பின்கட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டிருக்கான்னு பார்ப்பேன், தினமும்' என்று அவரே சொன்னது இருந்தது. அதை அப்படியே வைத்துக்கொண்டோம். விளக்கம் சேர்க்கவில்லை.

பி.டி.எஸ்.டி. அறிகுறிகளைக் கேட்கும் பி.சி.எல்.-5 வினாப்பட்டியல் பயன்படுத்தினால், 20 கேள்வி, மொத்தம் 80 மதிப்பெண். அது சந்தேகத்தைக் காட்டும் கருவி. எண்ணை வைத்து யாருக்கும் நோய் இருப்பதாக எழுத உங்களுக்கு உரிமை இல்லை. பேசும்போது 'மனநோய்' என்ற சொல்லே வேண்டாம். 'தூக்கம் எப்படி இருக்கு?' என்று ஆரம்பித்தால் பேச்சு தானாக வரும்.

கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதல் இல்லாமல் ஒருவரையும் பார்க்காதீர்கள். ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கட்டும். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பதை வாயாலும் சொல்லுங்கள். ஒருவர் கலங்கிவிட்டால் பேட்டியை அங்கேயே நிறுத்துங்கள். அரசின் இலவச மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416ஐ ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அப்புறம், பெயரை மட்டும் மறைத்தால் போதாது. 'பள்ளத்தூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற சுபேதார்' என்று எழுதினால் அந்த ஊரில் யார் என்று கேட்கவே வேண்டாம். 'சிவகங்கை மாவட்டம், அறுபதைக் கடந்தவர்' என்பதோடு நிறுத்துங்கள்.

ஆட்களுக்கு, துறையின் கடிதத்தோடு சிவகங்கையில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகுங்கள். உங்கள் தெரு மாமாவைப் பேட்டி எடுக்க வேண்டாம். நீங்கள் கேட்டால் அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. கேள்வித்தாளை மட்டும் அவரிடம் கொடுத்து, 'மாமா, இதில் எது உறுத்துது?' என்று கேளுங்கள். அவர் பேனாவால் அடிக்கிற கேள்வியை எடுத்துவிடுங்கள்.