ஒரு பெற்றோரின் கேள்வி: டெக்சாஸில் இருக்கிறோம். மகளுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் (சி.எஸ்.) படிக்க வேண்டும். யூடி (டெக்சாஸ் பல்கலைக்கழகம்) ஆஸ்டின், டெக்சாஸ் ஏ அண்ட் எம், யூடி டாலஸ் மூன்றில் எது? ரேங்கிங்கை நம்பலாமா?

ஆண்டுதோறும் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் யு.எஸ். நியூஸ் பட்டியலில் ஆஸ்டின் முப்பதை ஒட்டி, ஏ அண்ட் எம் ஐம்பதை ஒட்டி, டாலஸ் நூறைத் தாண்டி. அந்த வரிசைப்படியே எடுத்துவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் அந்த எண்ணில் 20 சதவீதம், மற்ற பல்கலைக்கழகத் தலைவர்களும் அட்மிஷன் அதிகாரிகளும் ஒன்று முதல் ஐந்து வரை போடும் அபிப்பிராய மார்க். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு என்று தனியாக வரும் பட்டியலோ முழுக்க முழுக்க அபிப்பிராயம்தான். பட்டம் முடிப்போர் விகிதத்தையும் ஆறு ஆண்டுக் கணக்கில் எடுக்கிறார்கள். நீங்கள் பணம் ஒதுக்கியிருப்பது நான்கு ஆண்டுக்கு.

2023 செப்டம்பரில் கணக்கிடும் முறையை மாற்றி, வகுப்பின் அளவு, முன்னாள் மாணவர் நன்கொடை போன்றவற்றை நீக்கினார்கள். ஏ அண்ட் எம் 67-லிருந்து 47-க்கு ஏறியது. அந்த ஒரு வருடத்தில் அங்கே பாடம் நடத்தும் விதம் ஒன்றும் மாறிவிடவில்லை.

நீங்கள் முதலில் கேட்க வேண்டியது வேறு: இடம் கிடைப்பது பல்கலைக்கழகத்திலா, மேஜரிலா (விரும்பிய முதன்மைப் பாடத்திலா)?

ஆஸ்டினில் பள்ளி ரேங்கை வைத்து வரும் தானியங்கி அட்மிஷன் (2026 இலையுதிர் காலத்தில் சேர்பவர்களுக்கு முதல் 5 சதவீதம்) பல்கலைக்கழகத்துக்கு மட்டுமே. மேஜருக்கு உத்தரவாதம் இல்லை. சி.எஸ். கேட்டவருக்கு வேறு துறை கொடுப்பது சாதாரணம். ‘உள்ளே போய் மாறிக்கொள்ளலாம்’ என்று சேர்ந்துவிட்டு, மாற முடியாமல் நிற்பவர்கள் நிறைய.

ஏ அண்ட் எம்மில் சி.எஸ். இன்ஜினியரிங் கல்லூரிக்குள் இருக்கிறது. முதலாண்டு எல்லோரும் பொது இன்ஜினியரிங். பிறகு ‘ஈடாம்’ எனும் முறையில் துறை ஒதுக்கீடு. ஜிபிஏ (ஏ-க்கு 4, பி-க்கு 3, சி-க்கு 2 என்று போடும் சராசரி) 3.75 இருந்தால் கேட்ட துறை தானாகக் கிடைக்கும். கேட்க எளிதாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 கிரெடிட்டில் எல்லாம் ஏ, நான்கு கிரெடிட் கால்குலஸில் மட்டும் ஒரு சி என்றால் 3.73. நான்கு கிரெடிட் பாடங்கள் இரண்டில் பி வாங்கினாலும் அதே 3.73. அங்கே பிளஸ், மைனஸ் கிரேடு கிடையாது, தூக்கிவிட ஏ பிளஸும் இல்லை. 3.75-க்குக் கீழே போனால் போட்டிதான். இன்னொரு பொறி: ஏபி (பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு) கிரெடிட் ஜிபிஏவில் சேராது. அதை நிறையப் பயன்படுத்தினால் மிச்சமிருக்கும் பாடங்கள் ஒவ்வொன்றின் எடையும் கூடும்.

டாலஸில் சி.எஸ். என்று சேர்க்கைக் கடிதம் வந்தால் முதல் நாளிலிருந்தே சி.எஸ்.தான். சேரும் ஆண்டின் டியூஷனே நான்கு ஆண்டுக்கும் தொடரும் திட்டமும் அங்கே உண்டு. பிளேனோ, ரிச்சர்ட்சன் பக்கம் வீடு என்றால் விடுதிச் செலவும் மிச்சம். மூன்று இடத்துக்கும் இன்-ஸ்டேட் (டெக்சாஸ்வாசிகளுக்கான) டியூஷன் வித்தியாசத்தைவிட, வீட்டிலிருந்து போவதா, வெளியே தங்கிச் சாப்பிடுவதா என்ற செலவு வித்தியாசம்தான் பெரிது. ஒவ்வொரு பல்கலைக்கழகத் தளத்திலும் உதவித்தொகை போக நீங்கள் கட்ட வேண்டியதைக் காட்டும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கும் (சட்டப்படி வைத்தே ஆக வேண்டும்). அதில் உங்கள் வருமானத்தைப் போட்டு வரும் தொகையை ஒப்பிடுங்கள்.

என் கணிப்பு: ஆஸ்டினில் நேரடியாக சி.எஸ். கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். ஆஸ்டினில் வேறு மேஜர், டாலஸில் சி.எஸ். என்றால் டாலஸ். சி.எஸ். கிடைக்காவிட்டால் மெக்கானிக்கலோ சிவிலோ படிக்கச் சம்மதம் என்று மகள் மனதாரச் சொன்னால் மட்டும் ஏ அண்ட் எம். நீங்கள் சொல்வது கணக்கில் வராது, அவள் சொல்ல வேண்டும். ரேங்கிங்கால் எந்தப் பயனும் இல்லை என்று சொல்லவில்லை. முப்பதுக்கும் இருநூறுக்கும் உள்ள தூரம் ஏதோ சொல்கிறது. முப்பதுக்கும் ஐம்பதுக்கும் உள்ளது பெரிதாக எதையும் சொல்லவில்லை.

முடிவெடுக்கும் முன் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒரே வடிவத்தில் வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பான காமன் டேட்டா செட்டைத் தேடி எடுங்கள். ‘பி’ பிரிவில் நான்கே ஆண்டில் முடித்தவர்கள் எத்தனை பேர் என்று இருக்கும். ‘ஐ’ பிரிவில் நூறு பேருக்கு மேல் உட்காரும் வகுப்புகள் எத்தனை என்று இருக்கும். யு.எஸ். நியூஸ் கைவிட்ட தகவல் அங்கே இன்னும் இலவசமாகக் கிடைக்கிறது. பெரிய தொகை ஸ்காலர்ஷிப் வந்தால் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை இருமுறை படியுங்கள்: எந்த ஜிபிஏ வரை தொடரும், செமஸ்டருக்குக் குறைந்தது எத்தனை கிரெடிட், கோடை வகுப்புக்குச் செல்லுமா.

மகள் எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தாருக்கானது) இருந்தால் இன்னொன்று. டெக்சாஸில் எச்-4 பிள்ளைகளும் வசிப்பிட விதிகளைப் பூர்த்தி செய்தால் இன்-ஸ்டேட் டியூஷன் பெறலாம். ஆனால் எஃப்ஏஎஃப்எஸ்ஏ எனும் விண்ணப்பம் வழியாக வரும் மத்திய அரசு உதவியும் கடனும் கிடையாது. 21 வயதில் எச்-4 முடிகிறது. பெரும்பாலும் அது மூன்றாம் அல்லது நான்காம் ஆண்டின் நடுவில் வரும். எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால் இன்-ஸ்டேட் கட்டணம் தொடருமா என்பதைப் பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, பிறகு மே 1-க்குள் டெபாசிட் கட்டுங்கள்.