கிளிநொச்சியில் இருந்துகொண்டு ட்ரெயிலரில் இழுக்கும் சின்னப் பாய்ப்படகு வைத்திருக்கலாமா? பராமரிப்பு எவ்வளவு?

கேட்டிருப்பது இதுதான்: படகை வீட்டு வளவில் நிறுத்தி வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பிக்கப்பில் கொழுவிக்கொண்டு போய், காலையில் இறக்கி பின்னேரம் ஏற்றி வரலாமா?

வைத்திருக்கலாம். ஆனால் உப்புத் தண்ணியில் ஓடும் சில மணித்தியாலங்களை விட, ட்ரெயிலரின் துருவும் வளவில் அடிக்கும் வெயிலும்தான் படகைக் கூடுதலாகத் தின்னும். உங்கள் காசும் நேரமும் அங்கேதான் போகும்.

படகு தெரிவில் ஒன்றைப் பிடிவாதமாகப் பாருங்கள்: சென்டர்போர்ட், அதாவது மேலே தூக்கக்கூடிய நடுப்பலகை, இருக்க வேண்டும். சுக்கானும் மடங்க வேண்டும். நந்திக்கடலும் பூநகரிப் பக்கக் கடனீரேரியும் ஆழமில்லாதவை. எங்கள் கரைகளில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்குள்தான் என்றாலும், அந்தச் சின்ன வித்தியாசமே படகைச் சேற்றில் இருத்திவிடும். லேசர் படகு 4.2 மீற்றர் நீளம், உடல் 59 கிலோ. இரண்டு பேர் தூக்கலாம், ஆனால் அது ஒருவர் ஓட்டும் படகு. வேஃபெயரர் 4.82 மீற்றர், ஏறத்தாழ 170 கிலோ. அதில் குடும்பமாகப் போகலாம். மணலில் இழுக்கத்தான் ஆள் வேண்டும், அல்லது கரையில் நிற்கும் லான்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) ஒன்று.

பாவித்த படகென்றால் தளம் முழுவதையும் ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் ‘டக்’ என்று கணீரென ஒலிக்கும். உள்ளே ஊறிப்போன இடம் செத்த சத்தம் தரும். அடுத்து காற்றுப் பெட்டிகள், அதாவது படகை மிதக்க வைக்கும் மூடிய அறைகள். மூடிகளை இறுக்கி, வடிகால் துளையில் குழாய் ஒன்றைச் செருகி வாயால் ஊதி, மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணி தடவினால் ஒழுகும் இடத்தில் குமிழி வரும். ரயருக்குக் காற்றடிக்கும் கொம்பிரசரை இதற்குக் கொண்டுபோகாதீர்கள், மூட்டு பிளந்துவிடும். கவிழ்ந்த படகு திரும்ப நிமிர்வதற்கு இந்தப் பெட்டிகள்தான் எல்லாம்.

இனி ட்ரெயிலர். உள்ளூர் வெல்டிங் கடையில் செய்விப்பதானால் மூடிய பெட்டி இரும்பு வேண்டாம். உப்புத் தண்ணி உள்ளே போய் வெளியே தெரியாமல் அரிக்கும். திறந்த சனல் இரும்பில் செய்து கல்வனைஸ் பண்ணுங்கள். பெயரிங் எங்கள் கடைகளில் எப்போதும் கிடைக்கும் அளவாக இருக்கட்டும். படகை வைத்துப் பார்க்கும்போது கொழுக்கியில் மொத்தப் பாரத்தின் 5 முதல் 10 வீதம் இறங்க வேண்டும். குறைந்தால் வேகத்தில் பின்பக்கம் ஆடத் தொடங்கும்.

பெயரிங் ஏன் போகிறது? பரந்தனிலிருந்து ஏ35 வீதியில் முல்லைத்தீவுக்கு 50 கிலோமீற்றர் ஓடியதும் சில்லின் ஹப் சுடும். அதை அப்படியே கடலுக்குள் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியாக உப்புத் தண்ணியை உறிஞ்சும். போய்ச் சேர்ந்ததும் அரை மணித்தியாலம் ஆற விடுங்கள்; அதற்குள் பாய்மரத்தை நிமிர்த்தலாம். முடிந்தால் ஹப் நனையாத ஆழத்திலேயே படகைத் தள்ளி இறக்குங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருக்கால் பெயரிங்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிக் காயவிட்டு, தண்ணிக்குக் கரையாத மரைன் கிறீஸ் அடைக்க வேண்டும். மேலே பூசினால் காணாது. உள்ளங்கையில் ஒரு குவியல் கிறீஸ் எடுத்து, பெயரிங்கின் அகன்ற விளிம்பை அதில் குத்திக் குத்தி அழுத்துங்கள். மறுபக்கத்தால் புழு மாதிரி கிறீஸ் வெளியே வரும்வரை சுற்றிச் சுற்றிச் செய்யுங்கள். பூட்டும்போது சில்லைச் சுழற்றியபடியே நட்டை இறுக்கி, பிறகு கால் சுற்றுக்குள் தளர்த்தி, புது ஸ்பிளிட் பின் போடுங்கள். பழைய பின்னை நிமிர்த்திப் போடுவது வேலையல்ல.

கரைக்கு வந்ததும் பாய், கயிறு, கப்பி, பாய்மரத்தின் அடி எல்லாவற்றையும் நல்ல தண்ணியால் கழுவுங்கள். முல்லைத்தீவுக் கரையோரக் கிணறுகள் சில உவர். வீட்டிலிருந்து 40 லீற்றர் கொண்டுபோவது நல்லது. அலுமினியப் பாய்மரத்தில் ஸ்டெயின்லெஸ் ரிவெட் படும் இடங்களில் வெள்ளைத் தூள் தெரிந்தால் அரிப்புத் தொடங்கிவிட்டது. பாய்மரத்தைத் தாங்கும் கம்பியைப் பஞ்சால் துடையுங்கள். பஞ்சு சிக்கும் இடத்தில் இழை அறுந்திருக்கும், ஒரு இழை என்றாலும் கம்பியை மாற்றுங்கள். பாயை ஈரமாகச் சுருட்டாதீர்கள், வெயிலில் விரித்தபடி விடவும் வேண்டாம். வளவில் படகை மூடிக் கட்டி, அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, உயர்த்தி, வடிகால் அடைப்பைக் கழற்றி வையுங்கள். மாரி மழையில் நிரம்பிய படகின் பாரத்தில் ட்ரெயிலர் ஸ்பிரிங் முறியும்.

பைபர் உடைந்தால் மீன்பிடி வள்ளம் திருத்துபவர்களிடமே கொடுக்கலாம். நீங்களே செய்வதானால்: உப்பைக் கழுவி இரண்டு நாள் காயவிட்டு, உடைவைச் சுற்றி 5 சென்ரிமீற்றர் சரிவாகத் தேய்த்து, சதுர மீற்றருக்கு 450 கிராம் நிறையுள்ள கண்ணாடியிழை மாட் மூன்று படை ரெசினில் ஊறவைத்து ஒட்டுங்கள். ஒரு கிலோ ரெசினுக்கு 10 மில்லிலீற்றர் ஹார்ட்னர் போதும். எங்கள் மத்தியான வெக்கையில் 20 ஊற்றினால் கோப்பைக்குள்ளேயே இறுகும். கோபால்ட்டையும் (ரெசின் இறுகுவதை விரைவாக்கும் திராவகம்) ஹார்ட்னரையும் நேரே ஒன்றாகக் கலக்கவே கூடாது, வெடிக்கும்.

பாய்மரம் நிமிர்த்துமுன் மேலே பாருங்கள். 11,000, 33,000 வோல்ற் கம்பிகள் எங்கள் வீதியோரங்களில் போகின்றன. அலுமினியம் தொட்டால் ஆள் மிஞ்சாது.

காற்று விஷயத்தில் பலர் ஏமாறுவது முல்லைத்தீவில். வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் (தென்மேற்குக் காற்று) தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். கரையில் தண்ணி தட்டையாக, அழகாக இருக்கும். போவது சுலபம். திரும்பி வர, காற்றை எதிர்த்துக் குறுக்குமறுக்காக வெட்டி வெட்டித்தான் ஏற வேண்டும், அதற்குள் களைத்துவிடுவீர்கள். அந்த மாதங்களில் கடனீரேரிக்குள் நில்லுங்கள். வாடையில் (வடகிழக்குக் காற்றுக் காலத்தில்) திறந்த கரையில் அலை உடையும், இறக்கவே முடியாது. பங்குனி, சித்திரைதான் பழகுகிறவர்களுக்கு: காலையில் மெல்லிய காற்று, மத்தியானத்துக்குப் பிறகு கொண்டல் (கிழக்குக் காற்று) உங்களைக் கரைக்குத் தள்ளும். பின்னேரம் இடி கேட்டால் மட்டும் உடனே கரையேறுங்கள்.

வெளிக்கிடுமுன் அவ்விடத்துக் கடற்றொழிலாளர் சங்கத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வலை எங்கே கிடக்கிறது என்றும் அவர்கள்தான் சொல்வார்கள். நாச்சிக்குடா, பூநகரிப் பக்கம் நண்டு வலைகள் அதிகம். வலையில் மாட்டினால் பாய்க்கயிற்றை விட்டு, நடுப்பலகையையும் சுக்கானையும் தூக்குங்கள். படகு அனேகமாக வழுக்கி மேலால் போய்விடும். கத்தியை எடுக்க வேண்டாம். அது ஒருவருடைய ஒரு மாதச் சம்பாத்தியம்.