மருந்தடித்து மீன் சாகவில்லை. குஞ்சு மட்டும் எங்கே போனது?

கேள்வி: கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் மூன்று ஏக்கர் பிசான (வடகிழக்குப் பருவமழைக் கால) நெல் பயிரிடுகிறேன். இலைச்சுருட்டுப் புழுவுக்கு ஆண்டுதோறும் பைஃபென்த்ரின் என்னும் பூச்சிமருந்து அடிப்பேன். வடிகால் தண்ணீர் ஊர்க் குளத்தில் விழுகிறது. இதுவரை ஒரு மீன்கூடச் செத்து மிதந்ததில்லை. ஆனால் மூன்று ஆண்டுகளாக விரால் குஞ்சும் அயிரையும் அருகிவிட்டன. குளத்துக் குத்தகைக்காரர் என் மருந்தைக் குறை சொல்கிறார். சாகாத மீனை மருந்து என்ன செய்துவிடும்? (ஒரு விவசாயி, சேரன்மகாதேவி)

பதில்: அண்ணாச்சி, கட்லா, ரோகு குறைந்துவிட்டதாக எழுதியிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அவை குளத்தில் குஞ்சு பொரிப்பதில்லை; ஆண்டுதோறும் வாங்கித்தான் விடுகிறார்கள். விராலும் அயிரையும் அப்படியல்ல. பாட்டி பட்டது பேத்திக்கு வரக்கூடிய மீன்கள் அவைதான்.

மீன் மிதக்கவில்லை என்பதை நற்சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சிறு மீன் இனத்தின் இளங்குஞ்சுகளை இதே பைஃபென்த்ரின் கலந்த நீரில் வைத்திருந்தார்கள். அளவு லிட்டருக்கு ஒரு நானோகிராம், அதாவது 100 கோடி லிட்டருக்கு ஒரு கிராம். பிறகு நல்ல தண்ணீருக்கு மாற்றிவிட்டார்கள். அப்படியும் மருந்தையே காணாத பேரக்குஞ்சுகள் வரை பாதிப்பு தெரிந்தது. மரபணு மாறியதால் வந்த வினை அல்ல இது. எந்த மரபணு எப்போது வேலை செய்ய வேண்டும் என்று சொல்ல அதன் மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் குறிகள் (சிறு வேதி ஒட்டுகள்) இடம் மாறிவிடுகின்றன. நம் மானாவாரி மக்காச்சோளத்துக்கு அடிக்கும் களைக்கொல்லி அட்ரசின் இன்னும் கள்ளத்தனமானது. மெடாகா என்னும் ஜப்பானிய மீனில் அதைச் சோதித்தபோது பெற்றோரும் பிள்ளைகளும் நன்றாகவே இருந்தன. பேரப்பிள்ளைகளின் முட்டைதான் சரியாகக் கருத்தரிக்கவில்லை.

உங்கள் 10 ஈ.சி. (பத்து சதவீதத் திரவ) மருந்தில் லிட்டருக்குச் சுமார் 100 கிராம் நஞ்சு இருக்கிறது. அதில் பெரும்பகுதி சேற்றில் ஒட்டிக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் அயிரையின் வீடே அந்தச் சேறுதானே!

அதற்காகக் குளத்தில் குஞ்சு குறைந்த பழி முழுவதையும் உங்கள் தலையில் கட்ட மாட்டேன். கோடையில் குளம் வற்றியதா, ஜிலேபிக் கெண்டை பெருகிவிட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். இருந்தாலும் பிசானத்தில் இந்த மருந்தை நான் அடிக்கச் சொல்ல மாட்டேன். குளம் பெருகி மீன் முட்டையிடும் ஐப்பசி, கார்த்திகையில்தான் நீங்கள் மருந்தடிக்கிறீர்கள். போதாததற்கு, பைஃபென்த்ரின் சேர்ந்த பைரித்ராய்டு வகை மருந்துகள் பூச்சி தின்னும் சிலந்தியையும் கொன்று, சாறு உறிஞ்சும் புகையான் பூச்சிக்கு வழிவிடும்.

யூரியாவைப் பிரித்துப் போடுங்கள்; பயிர் கரும்பச்சையாகக் கொழுத்தால் சுருட்டுப் புழுவுக்குக் கொண்டாட்டம். பயிரின் மேல் கயிறு இழுத்துப் புழுவை உதிருங்கள். தூர் கட்டும் பருவத்தில் பத்து சதவீத இலை சேதமானால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும் முதலில் ஐந்து சதவீத வேப்பங்கொட்டைச் சாறு. எதை அடித்தாலும் சில நாள் வடிகால் மடையை அடைத்து வையுங்கள், தெளிப்பானை வாய்க்காலில் அலசாதீர்கள்.

குத்தகைக்காரரிடமும் ஒன்று கேளுங்கள். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து மூச்சுவிடும்போது, அடியில் காவல் நிற்கும் பெற்றோர் விராலைத் தூண்டில் போட்டுப் பிடிப்பது யார்?