கைப்பேசியில் திறக்கும் தளம் மடிக்கணினியில் மட்டும் திறக்கவில்லை. டிஎன்எஸ் கேஷை அழித்தால் சரியாகுமா?

உங்கள் விஷயத்தில் சரியாக நிறையவே வாய்ப்பு இருக்கிறது. கோலாலம்பூர் செந்தூலில் உங்கள் வீட்டு வைஃபையில் கோயில் தளம் கைப்பேசியில் திறக்கிறது, விண்டோஸ் மடிக்கணினியில் மட்டும் 'தளத்தை அடைய முடியவில்லை' என்று வருகிறது, கடையில் ஃபார்மேட் செய்யச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போதைக்கு ஃபார்மேட்டுக்குச் சம்மதிக்காதீர்கள். ஒரே வைஃபையில் ஒன்று திறந்து இன்னொன்று திறக்கவில்லை என்றால் லைனில் பழுதில்லை, அந்த ஒரு கணினியில்தான் ஏதோ சிக்கியிருக்கிறது. கைப்பேசியில் டேட்டாவை அணைத்துவிட்டுத்தான் பார்த்தீர்களா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் ஐபி எண்ணை, அதாவது இணையத்தில் அதன் முகவரியாக இருக்கும் எண்ணை, தேடித் தருவதுதான் டிஎன்எஸ். 1983-இல் உருவான ஏற்பாடு, இன்றும் அதேதான். ஒவ்வொரு பதிலோடும் ஒரு காலக்கெடு நொடிக் கணக்கில் வரும். சில தளங்களுக்கு 300, சிலவற்றுக்கு 86400, அதாவது முழுதாக ஒரு நாள். அதுவரை கணினி அந்தப் பதிலைச் சேமித்து வைத்துக்கொள்ளும், திரும்பக் கேட்காது. அந்தச் சேமிப்புதான் கேஷ். இடையில் தளத்தை வேறு சர்வருக்கு மாற்றிவிட்டால், வீடு மாறிப் போனவரைப் பழைய வாசலில் நின்று கூப்பிடுகிற கதைதான்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சின்ன அலுவலகத்தின் கணினிகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அங்கே இணையத்தளத்தை வேறு ஹோஸ்டிங்குக்கு (தளத்தை வைத்திருக்கும் சர்வர் சேவைக்கு) மாற்றிய மறுநாள், எல்லோருக்கும் புதிய பக்கம் வந்தது, கணக்கு பார்க்கும் அக்காவுக்கு மட்டும் பழைய பக்கம். அந்தக் கணினியின் கேஷில் என்ன இருக்கிறது என்று காட்டும் ஐபிகான்ஃபிக் டிஸ்ப்ளேடிஎன்எஸ் (ipconfig /displaydns) கட்டளையை ஓட்டிப் பார்த்தேன். பழைய எண் அப்படியே இருந்தது, பக்கத்தில் மிச்ச நொடிகள். மறுபடி ஓட்டினால் அந்த நொடிகள் குறைந்திருந்தன. அழித்தவுடன் புதிய பக்கம் வந்துவிட்டது.

செய்முறை எளிது. ஸ்டார்ட்டில் சிஎம்டி (cmd) என்று ஆங்கிலத்தில் அடித்து, வரும் கறுப்புத் திரையில் ஐபிகான்ஃபிக், ஓர் இடைவெளி, சாய்கோடு, அதை ஒட்டி ஃப்ளஷ்டிஎன்எஸ் என்று ஆங்கில எழுத்தில் (ipconfig /flushdns) அடித்து என்டர் தட்டுங்கள். வெற்றிகரமாக அழிக்கப்பட்டது என்று ஒரு வரி வரும். அப்புறம் குரோமை முழுதாக மூடித் திறங்கள், அது தனக்கென்று ஒரு கேஷ் வைத்திருக்கிறது. கடவுச்சொல், புக்மார்க், கோப்புகள் எதுவும் போகாது. மேக் என்றால் ரீஸ்டார்ட் செய்தாலே போதும்.

இதற்கும் மசியவில்லை என்றால், இணையப் போக்குவரத்தை வேறு சர்வர் வழியாகத் திருப்பும் விபிஎன் அல்லது பிராக்ஸி ஏதாவது ஓடுகிறதா, நெட்வொர்க் அமைப்பில் யாராவது டிஎன்எஸ் எண்ணைக் கையால் போட்டு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

வீட்டில் எந்தக் கருவியிலும் திறக்காவிட்டால் அது வேறு கதை. முதலில் ரூட்டரை அணைத்துப் போடுங்கள். இணையச் சேவை நிறுவனத்தின் சர்வரே பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தால் அதை நம்மால் அழிக்க முடியாது. கெடு முடியும்வரை காத்திருக்கலாம், அல்லது கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 போன்ற பொது டிஎன்எஸ்ஸுக்கு மாறலாம். 2024 செப்டம்பரில் மலேசியாவில் இந்தப் பொது டிஎன்எஸ் கேள்விகளை உள்ளூர் நிறுவனங்களின் சர்வருக்கே திருப்பச் சொல்லி உத்தரவு வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தப்பட்டது நினைவிருக்கும். அது நின்றதில் எனக்கு உண்மையிலேயே நிம்மதி, ஏனென்றால் வீட்டிலிருந்தபடியே நாம் செய்துபார்க்கக்கூடிய நல்ல சோதனை பொது டிஎன்எஸ்ஸுக்கு மாறிப் பார்ப்பதுதான்.

எல்லாம் செய்தும் திறக்கவில்லையா? திரையில் வரும் பிழைச் செய்தியை ஓர் எழுத்து விடாமல் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.