கேம்பர்வேன் பயணம்: வாடகைக்கு எடுக்கும் முன் கேட்க வேண்டியவை (கேள்வி-பதில்)

கேள்வி: நாங்கள் பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர். 10 நாள் மலையும் கடற்கரையுமாகச் சுற்றக் கேம்பர்வேன் (உள்ளேயே படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள வண்டி) தேடுகிறோம். இரண்டு கம்பெனிகளின் நாள் வாடகைக்கும் இடையே பெரிய வித்தியாசம். குறைந்ததை எடுத்தால் என்ன?

பதில்: எடுக்கலாம். ஆனால் நாள் வாடகையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். விளம்பரத்தில் பெரிதாகத் தெரிவது அது மட்டும்தான். மீதிச் செலவெல்லாம் ஒப்பந்தத்தின் உள்பக்கங்களில் இருக்கும். கிலோமீட்டர் வரம்பு உண்டா, தாண்டினால் கிலோமீட்டருக்கு எவ்வளவு, ஓர் ஊரில் எடுத்து இன்னோர் ஊரில் விட்டால் தனிக் கட்டணமா, இரண்டாவது டிரைவர் பெயரைச் சேர்க்க எவ்வளவு, படுக்கை விரிப்பும் பாத்திரங்களும் வாடகையில் அடக்கமா, கேஸ் சிலிண்டர் நிரம்பி வருமா என்று இரண்டு கம்பெனிக்கும் எழுதிக் கேளுங்கள். பதில் மெயிலில் வரட்டும், போனில் வேண்டாம். 10 நாளுக்கான மொத்தத் தொகையை வைத்துப் பார்த்தால் மலிவு வண்டி மலிவாகவே இருக்காது என்பது அடிக்கடி நடப்பதுதான்.

பெரிய பணம் போவது ‘எக்ஸஸ்’ என்ற ஒரு வரியில். இன்சூரன்ஸ் இருந்தாலும், சேதத்தில் முதல் இவ்வளவு தொகையை வண்டி எடுத்தவரே கட்ட வேண்டும் என்பதுதான் அது. அந்தத் தொகை ஒரு பயணத்துக்கு ஒருமுறையா, ஒவ்வொரு சம்பவத்துக்கும் தனித்தனியா என்று பாருங்கள். காலையில் கண்ணாடியில் கல் பட்டு, மாலையில் பின் பம்பர் உரசினால் அது இரண்டு சம்பவம். அடுத்து, எக்ஸஸைக் குறைக்கக் கூடுதல் பணம் கட்டினாலும் சில சேதங்கள் அதற்குள் வராது. கூரை, வண்டியின் அடிப்பகுதி, வெளியே இழுத்து விரிக்கும் நிழல் துணியான ஆனிங், தேய்ந்து கருகிய கிளட்ச், தவறான எரிபொருள், தார் போடாத சாலையில் ஏற்படும் சேதம் ஆகியவை பல ஒப்பந்தங்களில் விலக்குப் பட்டியலில் இருக்கும். ஐஸ்லாந்து போன்ற இடத்தில் பலத்த காற்று கதவைப் பிடுங்குவதும், மணலும் சாம்பலும் பெயின்ட்டை அரிப்பதும்கூடத் தனியாகப் பார்க்க வேண்டியவை. ‘முழுப் பாதுகாப்பு’ என்ற பெயரை நம்ப வேண்டாம். விலக்குப் பட்டியலைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

வெளிக் கம்பெனியிடம் எக்ஸஸ் இன்சூரன்ஸ் எடுப்பது பெரும்பாலும் மலிவு. ஆனால் அது பின்னால் திருப்பித் தரும் வகை. வாடகைக் கம்பெனி உங்கள் கார்டில் முழு எக்ஸஸ் தொகையையும் பிளாக் செய்யும். சேதம் நடந்தால் நீங்கள் முதலில் கட்டி, ரசீதோடு பிறகு கேட்டு வாங்க வேண்டும். கிரெடிட் கார்டில் அவ்வளவு லிமிட் இல்லாதவர்களுக்கு இந்த வழி சரிப்படாது. கார்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் டிரைவர் பெயரிலேயே இருக்க வேண்டும். டெபிட் கார்டையும் ஃபாரெக்ஸ் கார்டையும் கவுண்டரில் மறுப்பது சாதாரணம்.

கேள்வி: போகும் வழியில் பார்க்க வேண்டிய இடங்களைக் குறித்துப் பார்த்தால் மொத்தம் 2,200 கிலோமீட்டர் வருகிறது. 10 நாளில் முடியுமா?

பதில்: ஓட்டலாம், பார்க்க முடியாது. முதல் நாளில் பாதி வண்டியைப் பெற்றுக்கொள்வதிலும் சாமான் வாங்குவதிலும் போகும். கடைசி நாள் துடைத்துத் திருப்பிக் கொடுப்பதில் போகும். முழுதாக மிஞ்சுவது 8 நாள். நாளுக்கு 275 கிலோமீட்டர். மலைச்சாலையில் காருக்கே நாலரை மணி நேரம். மேப் காட்டுவது காரின் நேரம். கேம்பர்வேனுக்கு அதோடு கால் பங்கு சேருங்கள், ஏறக்குறைய ஆறு மணி ஆகிவிடும். இதில் இறங்கிப் பார்க்கும் நேரம் ஒரு நிமிஷம்கூடச் சேரவில்லை. பாதையை 1,300 கிலோமீட்டருக்குள் சுருக்குங்கள். இரண்டு இடத்திலாவது இரண்டிரண்டு இரவு தங்குங்கள்.

அதைவிட முக்கியம், திட்டம் போடும் வரிசை. எல்லோரும் காட்சி இடங்களை முதலில் குறிக்கிறார்கள். முதலில் குறிக்க வேண்டியது தண்ணீர் பிடிக்கும் இடமும் கழிவு கொட்டும் இடமும். கணக்கு இதுதான். நல்ல தண்ணீர் டேங்க் 100 லிட்டர் என்று வையுங்கள். சமையல், பாத்திரம், கை, முகம் எல்லாம் சிக்கனமாகப் போனாலும் ஆளுக்கு 10 லிட்டர், நாலு பேருக்கு 40. வண்டிக்குள்ளேயே குளித்தால், குழாயைத் திறந்து மூடி அவசரக் குளியல் போட்டாலும் ஆளுக்கு இன்னும் 10 லிட்டர். மறுநாளே டேங்க் வறண்டுவிடும். குளியலைக் கேம்ப்சைட்டில் வைத்துக்கொண்டால் இரண்டு நாள் தாராளமாக வரும். கசெட் டாய்லெட்டில், வெளியே இழுத்துக் காலி செய்யும் கழிவுத் தொட்டி 20 லிட்டர் அளவுதான். நாலு பேருக்கு இரண்டாம் நாள் மாலைக்குள் தொட்டி நிரம்பியதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரியும். ஆக உங்களுக்கு ஒரு இரவு ஏரிக்கரை, மறு இரவு முழு வசதியுள்ள கேம்ப்சைட் என்று மாறி மாறி வர வேண்டும். அந்த இரவுகளை முதலில் மேப்பில் குத்திவிட்டு, அவற்றுக்கு நடுவில் எது விழுகிறதோ அந்தக் காட்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மனசுக்குக் கஷ்டமான வேலைதான், சில பெயர்பெற்ற இடங்கள் கழன்று விழும்.

சுற்றும் திசையையும் யோசியுங்கள். இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் கடல் உங்கள் இடப்பக்கம் இருக்கும்படி சுற்றினால், வண்டி ஒதுக்கும் இடங்கள் உங்கள் பக்கத்திலேயே வரும். எதிர் வண்டிகளைக் கடந்து திரும்ப வேண்டியதில்லை. வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் இதற்கு நேர்மாறு. மாலையில் மேற்கே போகும் நீண்ட ஓட்டத்தைத் தவிருங்கள், சூரியன் கண்ணில் அடிக்கும். ஒதுங்கும் இடத்துக்குள் நுழையும் முன் வெளியேறும் வழி தெரிகிறதா என்று பாருங்கள். ரிவர்ஸ் எடுத்துத்தான் வெளியே வர முடியும் என்றால் அந்தக் காட்சியை விட்டுவிட்டு அடுத்ததில் நில்லுங்கள். டேங்க் பாதியாகும்போதே டீசல் போடுங்கள். நியூசிலாந்தில் தே அனாவிலிருந்து மில்ஃபோர்ட் சவுண்டுக்கு ஏறக்குறைய 120 கிலோமீட்டர். தே அனாவிலேயே நிரப்பிக்கொண்டு போக வேண்டும், அதே வழியில்தான் திரும்பவும் வேண்டும்.

கேள்வி: பெரிய வண்டி வசதியாக இருக்குமே? சாதாரண கார் லைசென்ஸ் போதுமா?

பதில்: எடைதான் இதை முடிவு செய்யும். ஐரோப்பாவில் பொதுவாகக் கார் லைசென்ஸில் 3,500 கிலோ மொத்த எடை வரை ஓட்டலாம். மொத்த எடை என்றால் வண்டி, டீசல், தண்ணீர், சாமான், ஆட்கள் எல்லாம் சேர்த்து. நாலு பேர் ஏறி 100 லிட்டர் தண்ணீரும் நிரப்பினால் ஏற்றக்கூடிய பாரத்தில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும்; தண்ணீர் மட்டுமே 100 கிலோ. ‘எவ்வளவு பாரம் ஏற்றலாம்’ என்ற எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வேறொரு நாட்டு லைசென்ஸில் ஓட்டுவதாக இருந்தால் எந்த எடை வரை செல்லும் என்று கம்பெனியிடம் எழுத்தில் பெறுங்கள். இன்டர்நேஷனல் பெர்மிட் மூல லைசென்ஸின் மொழிபெயர்ப்பு மாதிரிதான். மூலம் கையில் இல்லாவிட்டால் அது செல்லாது.

நீளமும் உயரமும் பாதையையே மாற்றிவிடும். அமெரிக்காவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் ‘கோயிங் டு த சன்’ சாலையின் நடுப்பகுதியில், பம்பரையும் சேர்த்து 21 அடிக்கு மேல் நீளமோ, கண்ணாடிகளையும் சேர்த்து 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிக்கு அனுமதி இல்லை. பெரிய மோட்டார்ஹோம் எடுத்தவர் அங்கே வேறு வழி தேட வேண்டியதுதான். உயரத்தை மீட்டரிலும் அடியிலும் ஒரு சீட்டில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டுங்கள். மாடிக் கார் பார்க்கிங்குகளின் கம்பி பல இடங்களில் 2 மீட்டரைச் சுற்றியே இருக்கும், கேம்பர்வேன் அதைத் தாண்டும். கூரைச் சேதம் விலக்குப் பட்டியலில் இருக்கும் என்று மேலே சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கேம்ப்சைட்டில் கரண்ட் இணைப்பு கொடுத்தும் கெட்டில் போட்டதும் டிரிப் ஆகிறது என்கிறார்கள். ஏன்?

பதில்: இணைப்பு எத்தனை ஆம்பியர் என்று யாரும் பார்ப்பதில்லை. 6 ஆம்பியர் இணைப்பில் 230 வோல்ட்டுக்கு 1,380 வாட்தான் கிடைக்கும். வீட்டுக் கெட்டில் 2,000 வாட். அடுப்பில் வெந்நீர் வையுங்கள், பிரச்சினை தீர்ந்தது. கேபிளைச் சுருளிலிருந்து முழுக்க அவிழ்த்துவிடுங்கள். சுற்றிய நிலையில் ஹீட்டரை ஓட்டினால் உள்சுற்றுகள் சூடாகி உறை உருகும்.

இணைப்பு இல்லாத இரவில் எல்லாம் பேட்டரிதான். 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும், ஆக 50தான் கணக்கு. கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் மட்டும் ஒரு நாளில் 30 முதல் 45 வரை எடுக்கும். சோலார் இல்லாமல் ஒரே இடத்தில் நின்றால் மறுநாள் காலையிலேயே திணறும். லித்தியம் என்றால் 80-க்கு மேல் எடுக்கலாம். முன்பதிவின்போதே பேட்டரி எந்த வகை, எத்தனை, சோலார் உண்டா என்று கேளுங்கள். கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் என்றால் வண்டி மட்டமாக நிற்க வேண்டும், சரிவில் குளிராது. குளிர்ப் பிரதேசம் என்றால் புரொப்பேன் சிலிண்டரா என்றும் பாருங்கள். பூஜ்ய டிகிரியை ஒட்டி பியூட்டேன் வாயுவாக மாறாது, அடுப்பு எரியாது.

கேள்வி: சாலையோரம் எங்கே வேண்டுமானாலும் இரவு தங்கலாமா?

பதில்: நாட்டுக்கு நாடு, சில இடங்களில் ஊருக்கு ஊர் மாறும். நார்வேயிலும் ஸ்வீடனிலும் உள்ள ‘எல்லோருக்குமான உரிமை’ நடந்து போய்க் கூடாரம் அடிப்பவருக்கு. சாலையை விட்டு இறங்கி வண்டி ஓட்ட அது இடம் தராது. ஐஸ்லாந்தில் கேம்பர்வேனில் இரவு தங்கக் கேம்ப்சைட்டுக்குப் போக வேண்டும், அல்லது நிலத்துக்காரர் அனுமதி வேண்டும். நியூசிலாந்தில் 2023 சட்டப்படி, கேம்ப்சைட்டுக்கு வெளியே இரவு தங்கப் பல இடங்களில் கேட்கும் ‘தன்னிறைவு’ சான்றுக்கு வண்டியில் நிலையாகப் பொருத்திய டாய்லெட் இருக்க வேண்டும். கட்டிலுக்கடியில் தள்ளி வைக்கும் கையடக்க டாய்லெட் இப்போது எடுபடாது. பழைய நீல ஸ்டிக்கரைக் காட்டி யாராவது வாடகைக்குக் கொடுத்தால் புதிய சான்றான பச்சை வாரன்ட் கேளுங்கள். அபராதம் வந்தால் கம்பெனி அதை உங்கள் கார்டில் எடுத்துக்கொண்டு, தன் பங்குக்கு ஒரு நிர்வாகக் கட்டணமும் போடும்.

கேள்வி: வண்டியைப் பெறும்போது எதைச் சரிபார்ப்பது?

பதில்: ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சாவியை நீட்டிக்கொண்டே ‘சின்னக் கீறலெல்லாம் பார்க்க மாட்டோம்’ என்பார்கள். பார்ப்பார்கள். முதலில் போனில் வீடியோ: நாலு பக்கம், ரிம், பம்பரின் கீழ் விளிம்பு, கையை உயர்த்திக் கூரை, முன்கண்ணாடியை வெளிச்சத்துக்கு எதிரே. கண்ணாடியில் அரிசி அளவுக் கல் அடி இருந்தாலும் படிவத்தில் எழுத வையுங்கள். ஆனிங்கை முழுக்க இழுத்து விரியுங்கள். கிழிசல் உள்சுருளில்தான் ஒளிந்திருக்கும். பிறகு உள்ளே. பம்பைப் போட்டுக் குழாயைத் திறங்கள், எல்லா அடுப்பையும் ஏற்றுங்கள், படுக்கையை ஒருமுறை விரித்துப் பாருங்கள். மூலைகளில் ஈர வாடை அடித்தால் கூரை ஒழுகுகிறது. கரண்ட் கேபிள், தண்ணீர்க் குழாய், சக்கரத்துக்கடியில் வைக்கும் சரிவுக் கட்டைகள், கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

கடைசியாக மூடிகள். டீசல், நல்ல தண்ணீர், நீல மூடிபோட்ட ஆட்புளூ (டீசல் புகையைச் சுத்தப்படுத்தும் திரவம்) மூன்றையும் தொட்டுக் காட்டச் சொல்லிப் படம் எடுங்கள். டீசல் டேங்கில் தண்ணீரோ ஆட்புளூவோ போய்விட்டால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள், சாவியைக்கூடத் திருப்ப வேண்டாம். கம்பெனியைக் கூப்பிட்டு டேங்கை இறக்கிச் சுத்தம் செய்வதோடு முடியும். ஓட்டிவிட்டால் பம்பும் இன்ஜெக்டரும் போகும், இன்சூரன்ஸ் பெரும்பாலும் கை கொடுக்காது.

கேள்வி: டாய்லெட்டைக் காலி செய்வது எப்படி? அதற்கும் அபராதமாமே?

பதில்: காலி செய்யாமல் திருப்பிக் கொடுத்தால் அபராதம், உடைத்தால் இன்னும் பெரியது. உடைவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: உள்ளே கிண்ணத்துக்கு அடியிலுள்ள தகடு திறந்திருக்கும்போதே வெளியிலிருந்து தொட்டியைப் பிடுங்குவது. முதலில் உள்ளே போய் தகட்டை மூடுங்கள். கையுறை போட்டு, வெளிக்கதவைத் திறந்து, பிடியை அழுத்தித் தொட்டியை நேராக இழுங்கள். கொட்டும் இடத்தில் மூக்குக் குழாயைத் திருப்பி மூடியைக் கழற்றுங்கள். சாய்க்கும்போது காற்றுப் பொத்தானைக் கட்டை விரலால் அழுத்தியே வைத்திருங்கள். விட்டால் குபுக் குபுக்கென்று உமிழ்ந்து காலில் தெறிக்கும். சில லிட்டர் தண்ணீர் விட்டுக் குலுக்கி மறுபடி ஊற்றுங்கள். இதற்கான குழாய் தனி. நல்ல தண்ணீர்க் குழாயைத் தொட வேண்டாம். இரண்டு லிட்டர் தண்ணீரும் டாய்லெட் மருந்தும் ஊற்றி, ‘டக்’ என்று பூட்டும்வரை உள்ளே தள்ளுங்கள்.

கேள்வி: டெபாசிட் எப்போது திரும்ப வரும்?

பதில்: கார்டில் பிளாக் மட்டும் செய்திருந்தால் கம்பெனி விடுவித்த பின் உங்கள் பேங்க் எடுக்கும் நாள்தான். உண்மையாகவே பணம் எடுத்துத் திருப்பித் தரும் முறை என்றால் இருமுறை கரன்சி மாறும், கொடுத்ததைவிடக் குறைந்து வரலாம். எந்த முறை என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள். கார்டு மெஷின் ‘உங்கள் ஊர்ப் பணத்தில் கட்டுகிறீர்களா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி அந்த நாட்டுப் பணத்திலேயே கட்டுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது ‘சேதம் இல்லை’ என்று எழுதி வாங்குங்கள். ஆபீஸ் மூடிய நேரத்தில் சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகச் சொன்னால், நிறுத்திய இடத்தையும் கிலோமீட்டர் மீட்டரையும் டீசல் முள்ளையும் அதே சுற்றில் வீடியோ எடுத்துவிட்டு, பிறகு சாவியைப் போடுங்கள்.